ஏழு ஹைட்ரேஞ்சியாவும் ஒரு தப்பான கவாத்தும்

எங்கள் வீடு நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கின் மேல்சரிவில் இருக்கிறது. வாசலில் நின்றால் கீழே பாலாடா பக்கம் கேரட்டும் பூண்டும் படிப்படியாகத் தெரியும். மதிலை ஒட்டி ஏழு ஹைட்ரேஞ்சியாச் செடிகள். முதல் ஆறும் என் மாமியார் கல்யாணமாகி வந்த புதிதில் யார் யார் வீட்டிலிருந்தோ குச்சி கேட்டு வாங்கி நட்டவை. ஏழாவது மட்டும் நான் ஒரு நர்சரியில் தொட்டியோடு வாங்கி வந்தது. அது எனக்கு இன்று வரை தலைவலி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது எங்கள் மதிலும் தனியாக ஒரு கண்காட்சி நடத்தும். ஒவ்வொரு கொத்தும் சின்னச் செம்பு அளவுக்கு, நல்ல நீலத்தில். கேத்தி ஸ்டேஷனுக்கு நடந்து போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். 2021 வரை இப்படித்தான்.

2022 ஜனவரியில் மைத்துனர் மகனுக்குக் கல்யாணம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், சாரம் கட்ட இடம் வேண்டும், செடியெல்லாம் மதிலை மறைத்துக்கொண்டு நின்றது. அத்தை அப்போது முழங்கால் வைத்தியத்துக்காகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார்கள். நான்தான் முடிவெடுத்தேன். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலை, அதாவது செடியை வெட்டிவிடும் வேலை, பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார், ஒரு மணி நேரத்தில் ஏழு செடியையும் முழங்கால் உயரத்துக்குச் சமமாக வெட்டிவிட்டார். கவாத்து செய்த தேயிலைக் காடு மாதிரி மட்டமாக, பார்க்க அழகாகவே இருந்தது. "நல்லா தழைச்சு வரும் டீச்சரம்மா" என்றார்.

தழைத்து வந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தேயிலையை வெட்டுவது கொழுந்துக்காக. எங்களுக்கு வேண்டியது கொழுந்து இல்லை என்பதை நான்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மே மாதம் ஏழு செடியிலும் சேர்த்து மூன்றே கொத்து. இலை மட்டும் ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரியது. 2018-இல்தான் குறிஞ்சி பூத்து முடிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் மதிலைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இதுவும் இனிமே பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதானா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன், ஆனால் சுருக்கென்று இருந்தது.

அடுத்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பூக்கவில்லையா, சத்துப் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நம்மில் பலருக்கும் செடி என்றதும் முதலில் தோன்றுவது சாப்பாடுதான். அதே பெரியவர் கேரட்டுக்கு இறக்கிய கோழி எருவில் இரண்டு மூட்டை கொடுத்தார். ஜூனில் மழைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கூடை என்று கொட்டினேன். மூன்றாவது நாலாவது செடிக்குக் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. கோழி எருவில் தழைச்சத்து அதிகம். அது கொடுக்கும் பலம் இலைக்கும் தண்டுக்கும் போகும். மழைக்காலம் முழுக்கச் செடிகள் இளம்பச்சையாகத் தண்டு நீட்டிக்கொண்டே இருந்தன. நவம்பரில் பார்த்தால் ஆள் உயரத்துக்குத் தாறுமாறாக நின்றன. சரி, கொஞ்சம் ஒழுங்குபடுத்துவோம் என்று நானே கத்தரிக்கோலை எடுத்து நுனியெல்லாம் ஒரு முழம் குறைத்தேன். ஜனவரியில் நல்ல உறைபனி வேறு. கீழ்ப்பக்கச் செடிகளின் இளந்தண்டு நுனிகள் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துச் சுருண்டன.

2023 மே: பதினோரு கொத்து. அதிலும் மூன்றாவது நாலாவது செடியில் வந்தவை நீலமே இல்லை, கத்தரிப்பூ நிறத்துக்கும் ரோஸுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

அந்த வருஷம் நவம்பரில் அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். டிசம்பரில் ஒரு நாள் காலையில் நான் மறுபடியும் கத்தரிக்கோலோடு மதிலுக்குப் போனேன். முதல் நுனியை வெட்டியதுமே திண்ணையிலிருந்து சத்தம்.

"ஏம்மா, என்ன பண்றே?"

"நீட்டிக்கிட்டு நிக்குது அத்தை, ஒண்ணா வெட்டி விடறேன்."

"பூ காஞ்சதும் தலையைக் கிள்ளலாம். கழுத்துல கை வைக்கக் கூடாது. அதுவும் பனி மாசத்துல."

ஏன் என்று கேட்டேன். "எங்க மாமியார் சொன்னாங்க, நான் கேட்டேன்" என்று பதில் வந்தது. எனக்குக் கொஞ்சம் வீம்பு. இருபத்தெட்டு வருஷம் உயிரியல் பாடம் எடுத்தவள். வெட்டிய நுனி கையிலேயே இருந்தது. சமையலறை மேஜையில் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, ஷேவிங் பிளேடால் நுனி மொட்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெறும்போது எடுத்து வந்த பத்து மடங்கு கைலென்ஸ் ஒன்று இருக்கிறது. அதில் பார்த்தேன்.

உள்ளே ஒரு காலிஃபிளவர் இருந்தது. மிகைப்படுத்தவில்லை. கடுகளவுதான். வெளிர்ப்பச்சையில், குமிழ் குமிழாக, அச்சு அசல் காலிஃபிளவர். அடுத்த மே மாதத்துப் பூங்கொத்து டிசம்பரிலேயே முழுசாக உட்கார்ந்திருந்தது, இலைகளைப் போர்த்திக்கொண்டு.

அதே குச்சியில் அடுத்த கணுவில் இருந்த மொட்டையும் பிளந்தேன். அதிலும் ஒரு குட்டிக் குமிழ்க் கூட்டம் இருந்தது, முதலாவதைவிடச் சின்னது. மூன்றாவது கணுவில் சந்தேகமாக ஏதோ இருந்தது. அதற்குக் கீழே உள்ள மொட்டுகளில் வெறும் மடிந்த இலை மட்டுமே. முழங்கால் உயரத்தில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் இரண்டு வருஷமாக வெட்டிப் போட்டது தண்டை இல்லை, பூவை.

அத்தையைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "இவ்வளவு சீக்கிரமே கட்டிடுதா" என்றார்கள். அப்புறம், "அதான் சொன்னேனே" என்றார்கள்.

இதற்குப் பின்னால் உள்ள விஷயம் இது. நம் மலையில் வீட்டுக்கு வீடு இருக்கும் பெரிய இலை ஹைட்ரேஞ்சியா ஜப்பான் நாட்டுச் செடி. அது போன வருஷத் தண்டில்தான் பூக்கும். கோடையிலும் மழையிலும் வளர்ந்த தண்டு, குளிர் இறங்கியதும் நுனியில் பூமொட்டு கட்டும். சுமார் 18 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை இறங்கி சில வாரங்கள் அப்படியே இருந்தால் மொட்டு கட்டுவது நன்றாக நடக்கிறது. பகல் நேரம் குறைவதும் உதவும் என்பார்கள். ஆனால் நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி தள்ளி. வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் இங்கே குளிரின் கைதான் ஓங்கியிருக்கும் என்பது என் கணக்கு. இதே ஹைட்ரேஞ்சியாக் குடும்பத்தில் அந்த வருஷத்துப் புதுத் தண்டிலேயே பூக்கும் வகைகளும் உண்டு. கூம்பு மாதிரி நீண்ட வெள்ளைக் கொத்து விடும் ஒரு வகை அப்படிப்பட்டது. அதைக் குளிர்காலத்தில் கட்டையாக வெட்டினாலும் பூக்கும். அதற்கான யோசனையை யாராவது சொல்லி, அதை நீலக் கொத்துச் செடிக்குச் செய்தால் என் கதைதான் நடக்கும்.

சரி, இனிமேல் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஏழு செடி இருந்ததால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக விட்டுப் பார்த்தேன்.

ஒன்று, இரண்டு: தொடவே இல்லை. காய்ந்த தலைகள்கூட அப்படியே.

மூன்றில் அடியிலிருந்து கிளம்பும் தண்டுகளில் மிகப் பழையதாக, பட்டை உரிந்து சாம்பல் நிறமாக இருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு அறுத்து எடுத்தேன். மற்றதன் நுனியைத் தொடவில்லை. அடர்ந்த செடிக்கு இதுதான் சரியான வைத்தியம். உயரத்தைக் குறைக்காமல் நெரிசலைக் குறைப்பது. புதுத் தண்டு அடியிலிருந்து வர இடமும் வெளிச்சமும் கிடைக்கும்.

நாலில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பாதியை மட்டும் டிசம்பரில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். மறுபாதியை விட்டேன். அத்தை இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் இதைச் செய்யாமல் இருந்திருந்தால் எனக்கே முழு நம்பிக்கை வந்திருக்காது.

ஐந்தாவது சில்வர் ஓக் நிழலில் நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்பே அது சுமாராகத்தான் பூக்கும். மொட்டுகளைப் பிளந்து பார்த்ததில் பாதிக்கு மேல் இலை மொட்டுதான். ஹைட்ரேஞ்சியா நிழல் தாங்கும் செடி என்று சொல்லிச் சொல்லியே அதை இருட்டில் நட்டுவிடுகிறோம். உயிரோடு இருக்க நிழல் போதும், பூக்க வெயில் வேண்டும். காலை வெயில் நாலு மணி நேரமாவது விழ வேண்டும், உச்சி வெயில் படாமல் இருந்தால் நல்லது. மரத்தை வெட்ட மனமில்லை. கிழக்குப் பக்கம் தாழ்ந்திருந்த கிளைகளை மட்டும் கழித்தோம்.

ஆறும் ஏழும் மதிலின் கீழ்க்கோடியில், சரிவு முடிந்து தரை மட்டமாகும் இடத்தில் இருக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி இறங்கும். மேலே முதல் செடியில் வெறும் நீர்ப்பனி கிடக்கும் அதே விடியலில் இங்கே புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். இருபது அடி தூரம்தான் வித்தியாசம். ஆறாவது செடியைச் சுற்றி நாலு மூங்கில் குச்சி நட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோணிச் சாக்கை மேலே போர்த்துவேன். காலையில் எட்டரை மணிக்கு எடுப்பேன். சாக்கு இலையில் ஒட்டாமல் குச்சியின் மேல் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். அது இலையோடு ஒட்டிக்கொண்டால் பட்ட இடமெல்லாம் கருகிவிடும். காய்ந்த பூத்தலைகளையும் பிப்ரவரிக் கடைசி வரை விட்டுவைத்தேன். தலைக்குக் கீழே இருக்கும் மொட்டுக்கு அதுவே ஒரு தொப்பி. ஏழாவதைப் போர்த்தவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

உரம்? எல்லாவற்றுக்கும் நிறுத்தினேன். பழைய மாட்டு எரு மட்டும் மார்ச்சில் ஒரு கூடை, மேலே காய்ந்த இலைச் சருகு மூடாக்கு.

2024 கோடை எங்களுக்கு மறக்காது. ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி அடித்தது. மின்விசிறியே இல்லாத வீடுகளில் ஃபேன் வாங்கி மாட்டினார்கள். மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. அந்த வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஹைட்ரேஞ்சியா இலைகள் துவண்டு தொங்கும். பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். ஆனால் இலை அகலம், வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக நீர் ஆவியாகிறது, அவ்வளவுதான். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும். ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்துவிடும். காலையிலும் துவண்டு இருந்தால்தான் தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.

மே மூன்றாவது வாரம் எண்ணினேன். முதல் செடி 31 கொத்து, இரண்டாவது 27, மூன்றாவது 22. நாலாவதில் வெட்டாத பாதியில் 14, வெட்டிய பாதியில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் வேலிக்குள் மறைந்து கத்திக்குத் தப்பிய தண்டில் வந்தது. ஐந்தாவது 6. ஆறாவது 9. ஏழாவது பூஜ்யம்.

நாலாவது செடியின் முன்னால் அத்தைக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் பச்சை. பாதி மொட்டை அடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இது. பூ மங்க ஆரம்பித்ததும், ஜூலையிலிருந்து ஆகஸ்ட் கடைசிக்குள், கொத்துக்குக் கீழே முதல் நல்ல ஜோடி மொட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டுக் கிள்ளுகிறோம். மழையில் நனைந்து நனைந்து காய்ந்த தலை சாம்பல் பூசணம் பிடிக்கும், அதனால் மேல்பக்கச் செடிகளுக்கு இது அவசியம். கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் தொப்பியை விடுகிறோம். பழைய தண்டு அறுப்பதும் ஆகஸ்டோடு சரி. செப்டம்பர் பிறந்தால் கத்தரிக்கோல் பரணுக்குப் போய்விடும். வெட்டிய இலை தண்டுகளை மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடாதீர்கள். ஹைட்ரேஞ்சியா இலையில் வயிற்றுக்குள் போனால் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூக்காததற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் குற்றவாளி ஒருவர்தான். முதல் செடியடி மண்ணையும் மூன்றாவது செடியடி மண்ணையும் தனித்தனிப் பையில் போட்டு மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) முதலாவதில் 5.2, மூன்றாவதில் 6.4. நம் மலை மண் இயல்பிலேயே அமில மண். அமில மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அது பூவுக்கு ஏறி நிறமியோடு சேர்ந்தால் நீலம், கிடைக்காவிட்டால் ரோஸ். தேயிலைக்குப் பிடித்ததும் இதே அமில மண்தான், அதுவும் அலுமினியத்தை இலையில் சேர்த்து வைக்கும் செடி. நான் கொட்டியது முட்டைக்கோழி எரு. அந்தக் கோழிகளுக்குத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நிறையக் கொடுப்பார்கள், மீதி எருவில் வந்துவிடும். அதோடு எருவின் மணிச்சத்தும் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் (அதில் அலுமினியம் இருக்கிறது) வாங்கி, பத்து லிட்டர் வாளிக்கு இரண்டு தேக்கரண்டி கரைத்து, முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை நனைத்துவிட்டு மாதம் ஒருமுறை ஊற்றினேன். அதிகமாகப் போட்டால் வேர் வெந்துவிடும், அவசரம் கூடாது. 2025 மே மாதம் மூன்றாவது செடி கத்தரிப்பூ நிறத்தைத் தாண்டி ஏறக்குறைய நீலத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைப் பூ ரகத்துக்கு இதெல்லாம் செல்லாது, அது என்ன ஊற்றினாலும் வெள்ளைதான். நாம் இதழ் என்று ரசிப்பதும் இதழ் இல்லை, புல்லி. அசல் பூ நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒளிந்திருக்கும்.

2025 கணக்கில் ஐந்தாவது செடிக்குத்தான் எனக்குச் சந்தோஷம். கிளை கழித்து ஒரு முழுப் பருவம் வெயில் பார்த்ததில் 6 என்பது 19 ஆனது. நாலாவதின் வெட்டுப்பட்ட பாதியும் மறுபாதியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது. நடுவில் ஒரு ராத்திரி காட்டெருமை மதிலைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டாவது செடியின் மேல் நின்றுவிட்டுப் போனதால் அங்கே மட்டும் கணக்கு உதைக்கிறது. அதற்கு எந்தக் கவாத்து முறையிலும் பதில் இல்லை.

ஏழாவது இன்னும் பூக்கவில்லை. இரண்டாவது குளிர்காலம் அதையும் சாக்குப் போட்டு மூடினேன். பிப்ரவரியில் ஒரு நுனியை மட்டும் பிளந்து பார்த்தேன், இலைதான். தொட்டியில் விற்பதற்கென்றே வளர்க்கும் ரகங்களைக் குளிர் அறையில் வாரக்கணக்கில் வைத்து, பிறகு கண்ணாடி வீட்டில் சூடு கொடுத்துப் பூக்க வைப்பார்கள். அப்படிப்பட்ட ரகமாக இருந்தால் வெளியில் நம் பனிக்கு அது பழக வேண்டும். இல்லை, இடம்தான் கோளாறா என்று பார்க்க, ஆகஸ்டில் அதிலிருந்து மூன்று குச்சி எடுத்து மணலில் ஊன்றினேன். இரண்டு வேர் பிடித்திருக்கிறது. ஒன்றை முதல் செடிக்குப் பக்கத்தில் நடப்போகிறேன். அத்தை அந்த இடத்தைப் புதினாவுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை. நேற்று விடிகாலை முதல் நீர்ப்பனி இறங்கியது. சாக்குகளை எடுத்து வெயிலில் காயப் போட்டிருக்கிறேன்.